மாத்திரை அட்டை வெறும் அழகுக்கு அல்ல

"மாத்திரைகளைப் பிரித்து ஒரே டப்பாவில் போட்டு வைக்கலாம், அட்டை அழகுக்குத்தான்" என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

அலுமினிய அட்டை ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுக்கிறது. ஏற்காட்டு மூடுபனியில் ஆஸ்பிரினைத் திறந்து வைத்தால், ஈரம் பட்டு சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுதான் காரணம், தயவுசெய்து விழுங்காதீர்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பது இன்னும் ஆபத்து. மருந்து ஆவியாகி பிளாஸ்டிக்கில் ஏறிவிடும். அவசரத்துக்கு வீரியம் குறைந்த மாத்திரைதான் மிஞ்சும். கண்ணாடிப் புட்டியில் வந்தால் அதிலேயே, மூடியை இறுக்கி வையுங்கள்.

மாத்திரைப் புட்டிக்குள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் எடுத்துவிடாதீர்கள். அட்டையை வெட்டினால், காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள முனை கடைசிவரை இருக்கட்டும்.