ஓட்டு போட்டே விடிஞ்சிடும் போல

எங்க குரூப்புல எல்லாரும் சேர்ந்து பாக்க ஒரே ஒரு கொரியன் டிராமா செலக்ட் பண்ண மூணு வாரமா ஓட்டெடுப்பு நடக்குது, இன்னும் முதல் எபிசோடே ஓடல. 'ரிப்ளை 1988' போடலாம்னா 20 எபிசோடு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், யாருக்கு நேரம் இருக்குங்கிறாங்க. சரி 16 எபிசோடுல முடியுற 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'ன்னா, அத 2020 லாக்டவுன்லயே நாலு தடவ பாத்தாச்சாம். த்ரில்லர்னா ஒருத்தருக்கு பயம், ராஜா காலத்துக் கதைன்னா இன்னொருத்தருக்கு தூக்கம். புதுசா ஓடிட்டு இருக்குறதுன்னா வாரத்துக்கு ரெண்டு எபிசோடுதான் வரும், வெயிட் பண்ண முடியாதாம் (மூணு வாரம் ஓட்டு போட மட்டும் முடியுது!). ஒருவழியா ஒண்ணு ஜெயிச்சுது, பாத்தா அதுக்கு ஓட்டு போட்டவங்கள்லயே பாதிப் பேரு "நான் நேத்தே முடிச்சுட்டேன், செகண்ட் ஹீரோ பாவம்"ங்கிறாங்க. அடப்பாவிங்களா, அப்படியே கிளைமாக்ஸையும் சொல்லிடுங்க, நான் தூங்கப் போறேன்.