சுருங்கிக் கிடந்தால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை

"டிசம்பரில் சப்பாத்திக்கள்ளி சுருங்கித் தரையில் படுத்துவிட்டால் செத்துவிட்டது, பிடுங்கிப் போடுங்கள், காப்பாற்ற வேண்டுமானால் இலையுதிர்காலத்தில் நிறையத் தண்ணீர் விடுங்கள்" என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறு. நம்பிப் பிடுங்கினால் உயிருள்ள செடியைத்தான் குப்பையில் போடுவீர்கள்.

வட அமெரிக்காவின் குளிர் தாங்கும் கள்ளிகள் பனிக்காலத்துக்குத் தயாராவதே அப்படித்தான். குளிர் நெருங்கும்போது மடல்களில் (இலை போலத் தெரியும் தட்டையான தண்டுகளில்) உள்ள நீரைக் குறைத்துக்கொள்கின்றன. உள்ளே மிஞ்சும் சாறில் சர்க்கரையும் வழவழப்பான பசையும் செறிவாகிவிடுவதால் செல்களுக்குள் பனிக்கட்டி உருவாவது கடினம். அதனால்தான் அந்தச் சுருக்கமும் தரையோடு ஒட்டிய படுக்கையும். வசந்தத்தில் வேர் நீர் எடுத்ததும் மடல்கள் மறுபடி நிமிரும். ஜூன் வாக்கில் மஞ்சள் பூவும் வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பாயிண்ட் பீலியில் இவற்றில் ஓர் இனம் இயற்கையாகவே வளர்கிறது. இன்னொரு சிறிய இனம் வடக்கே பீஸ் ஆற்றங்கரை வரை இருக்கிறது.

உண்மையில் கொல்வது குளிரைவிட ஈரம்தான். களிமண்ணில் நட்டு, அக்டோபரில் தண்ணீரும் ஊற்றினால் அடிமடல் அழுகிவிடும். மணலும் சரளையும் கலந்த மேட்டில், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் நடுங்கள். ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு தண்ணீர் வேண்டாம்.

ஏப்ரலில் மடலை அழுத்திப் பாருங்கள் (இடுக்கியால், கண்ணுக்குத் தெரியாத சுணைமுள் விரலில் ஏறிவிடும்). கருத்துக் கூழாக இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

அப்புறம், காட்டிலிருந்து தோண்டி வராதீர்கள். ஒன்டாரியோவில் அந்தப் பாயிண்ட் பீலி இனம் அழிவின் விளிம்பில் உள்ள செடி. நாற்றுப் பண்ணையில் ஒரு மடல் வாங்கினாலே போதும்.