தானாகவே எடுத்த செல்ஃப்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றும் பழைய டீசல் பிக்கப் அது. சரிவு உள்ள கடையில் மட்டும்தான் வண்டிக்காரத் தம்பி டீ குடிப்பார், தள்ள ஆள் தேட வேண்டாம் என்பதால். இப்போது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாரை அவரே மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் அண்ணனை வீட்டுக்கே அழைத்து வந்திருக்கிறார். வண்டிக்குப் பின்னால் ஓர் அவரைப் பந்தல் சரிந்து கிடக்கிறது. அண்ணன் அதைப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. முப்பது வருட அனுபவம்.

தம்பி: எல்லாம் மாட்டிவிட்டேன் அண்ணே. பேட்டரி ஒயரை மட்டும் நீங்கள் உங்கள் கையால் மாட்டிவிடுங்கள்.

அண்ணன்: ஏன், குத்துவிளக்கா ஏற்றப் போகிறோம்? நீயே மாட்ட வேண்டியதுதானே?

தம்பி: கை நடுங்குது அண்ணே.

அண்ணன்: (வண்டிக்கு அடியில் போய்ப் படுத்து, டார்ச் அடித்து) ஏம்ப்பா, இது என்ன துண்டு ஒயர்? பெரிய போல்ட்டில் இருந்து சின்ன போல்ட்டுக்குப் பாலம் போட்டிருக்கிறாய்?

தம்பி: சாவியில் இருந்து வருகிற ஒயர் எட்டவில்லை அண்ணே. பழைய மோட்டாரில் சொலினாய்டு, அந்தக் காந்த சுவிட்ச், மேலே இருந்தது, இதில் கொஞ்சம் திரும்பி இருக்கிறது. பக்கத்திலேயே பேட்டரி கரண்ட் வருகிற போல்ட் இருந்தது. கரண்ட் எங்கிருந்து வந்தால் என்ன, கரண்ட் கரண்ட்தானே?

அண்ணன்: அடப்பாவி. 30 என்று எழுதியிருக்கிற பெரிய போல்ட்டில் பேட்டரி கேபிள். 50 என்கிற சின்னதில் சாவி ஒயர். இன்னொரு பெரிய போல்ட் மோட்டாருக்குள்ளேயே போகிறது, அதை நாம் தொடவே வேண்டாம். இந்த 50 காலிங் பெல் சுவிட்ச் மாதிரி. சாவியைத் திருப்பும்போது மட்டும்தான் அடிக்க வேண்டும். நீ பெல்லை நேராக மெயினில் கட்டிவிட்டாய். சரி, பேட்டரியை மாட்டினாயா இல்லையா, உண்மையைச் சொல்.

தம்பி: என் பேட்டரி சார்ஜுக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டு டிராக்டரை நிறுத்தி, அதன் பேட்டரியில் இருந்து ஜம்பர் ஒயர் போட்டேன். சிவப்பை மாட்டினேன், ஒன்றும் இல்லை. கறுப்பை வைத்தேன் பாருங்கள், வண்டி ர்ர்ர் ர்ர்ர் என்று பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது! உள்ளே ஆள் இல்லை, சாவி என் சட்டைப் பையில்!

அண்ணன்: கியரில் இருந்ததா?

தம்பி: ரிவர்ஸில். கல் வைக்க மறந்துவிட்டேன்.

அண்ணன்: இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையே?

தம்பி: டீசலை அடைக்கிற ஸ்டாப் கேபிளை இழுத்தே வைத்திருந்தேன், குலதெய்வம் காப்பாற்றியது. நான் ஸ்பேனரோடு பின்னாலேயே ஓடினேன். அத்தை பந்தலுக்குள் நின்று அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். பத்தடி போனதும் ஜம்பர் ஒயர் நீளம் தீர்ந்து, கிளிப் தானாகக் கழன்று, வண்டி நின்றது. பந்தல் நிற்கவில்லை.

அண்ணன்: அத்தை?

தம்பி: அவர்களும் நிற்கவில்லை, ஓடிவிட்டார்கள். நேற்று ராத்திரியில் இருந்து எனக்கு மோர் கிடையாது.

அண்ணன்: அந்தக் காலத்தில் லாரிக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றுவார்கள். திருப்பி அடித்தால் கை முறியும். 1912இல் அமெரிக்காவில் கெட்டரிங் என்கிற இன்ஜினியர் செய்த மோட்டாரைக் கெடிலாக் காரில் மாட்டி விற்றார்கள். ஹேண்டில் வேண்டாம், தானாக எடுக்கும். அதனால்தான் செல்ஃப் என்று பெயர்.

தம்பி: அவர் செய்ததற்குக்கூடச் சாவியோ பொத்தானோ வேண்டும் அண்ணே. என்னுடையதுதான் நிஜமான செல்ஃப்.

(அண்ணன் பாலத்தைப் பிடுங்கி எறிந்தார். சாவி ஒயரில் ஒரு முழம் சேர்த்து, முனையில் லக்கு என்கிற உலோக வளையம் வைத்து நசுக்கி, 50இல் மாட்டினார். வண்டியை நியூட்ரலில் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தார். சார்ஜ் ஆகி வந்த பேட்டரியில் பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். தம்பி திண்ணையில் ஏறி நின்றுகொண்டார்.)

அண்ணன்: இறங்கி வந்து சாவியைத் திருப்பு.

(டக்.)

தம்பி: பழைய மோட்டாரும் இதைத்தான் சொன்னது அண்ணே! இதே டக்!

அண்ணன்: ஹெட்லைட் போட்டுத் திருப்பு. (டக்.) பார், லைட் மங்கவே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. டக் என்பது சொலினாய்டு, அதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும். டீசல் இன்ஜினைச் சுற்ற 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது எங்கேயோ நிற்கிறது. நேற்று மட்டும் எப்படி வண்டியையே இழுத்தது? கறுப்பு கிளிப்பை எங்கே வைத்தாய்?

தம்பி: இன்ஜின் மேலேயே வைத்தேன்.

அண்ணன்: (இன்ஜினில் ஒரு முனை, பேட்டரி மைனஸில் ஒரு முனை என்று மீட்டரை வைத்து) இப்போது திருப்பு. அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஏழு காட்டுகிறது! இந்தத் தகராறு எப்போதிலிருந்து?

தம்பி: எஃப்.சி.க்கு, அதுதான் வண்டித் தகுதிச் சான்றிதழுக்கு, பெயிண்ட் அடித்ததில் இருந்து. வாராவாரம் வெள்ளிக்கிழமை கீழே படுத்தபடியே போய் மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன், அப்போதும் கேட்கவில்லை. ஆக்சிலரேட்டர் கேபிள் வேறு இறுகிப் போச்சு, மூன்று தடவை எண்ணெய் விட்டேன்.

அண்ணன்: (சிரித்து) இறுகாமல் என்ன செய்யும்? இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, கரண்ட் திரும்ப ஓர் எர்த் பட்டைதான் வழி. பெயிண்டர் அதைக் கழற்றி, சேஸிஸுக்கு இரண்டு கோட்டு கறுப்பு அடித்து, பெயிண்ட் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார். மார்க்கெட்டுக்குள் லோடு போய்விடுகிறது, காலி வண்டி வெளியே வர கேட் பூட்டியிருக்கிறது. பாவம் கரண்ட், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாக ஊர்ந்து வந்து அதைச் சுட்டிருக்கிறது. உப்புத்தாள் கொண்டு வா.

(இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து முடுக்கினார். சாவி. ஒரே அடியில் எடுத்தது.)

தம்பி: அப்படியென்றால் பழைய மோட்டார்?

அண்ணன்: அதில் ஒரு குறையும் இருந்திருக்காது. எங்கே அது?

தம்பி: சனிக்கிழமை கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டேன். காயில் போச்சு என்று சொல்லி ஐந்நூறு ரூபாய்தான் கழித்தார்கள்.

அண்ணன்: நேற்று சாயங்காலம் ஒரு பால் வண்டிக்கு அங்கேதான் ஒரு மோட்டார் வாங்கினேன், நாலாயிரம். மாட்டியதும் கில்லி மாதிரி எடுத்தது. (ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே மெதுவாக) அதில் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது தம்பி. கடைக்காரர் பக்திமான், பூஜை போட்டுத்தான் விற்கிறார் என்று நினைத்தேன்.