ஏப்ரலில் விதைத்தால் செடி தேறாது
"ஆட்டோஃபிளவர் (குறிப்பிட்ட வயதானதும் தானாகப் பூக்கும்) கஞ்சாவுக்குப் பகல் நீளம் பொருட்டல்ல, ஆகவே டொரன்டோவில் ஏப்ரலிலேயே தோட்டத்தில் விதைக்கலாம்" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். முற்பாதி சரி, பிற்பாதி செடியைக் கெடுத்துவிடும். பூப்பதற்குத்தான் பகல் நீளம் வேண்டாம். வளர்வதற்கு வெயிலும் கதகதப்பான மண்ணும் வேண்டும். அங்கே மே மாதத்திலும் உறைபனி விழுவதுண்டு. சாதாரண வகை குளிரில் குன்றினாலும் பிறகு தேறிக்கொள்ளும். இதுவோ முளைத்த மூன்று நான்கு வாரங்களில், சாண் உயரமே இருந்தாலும், மொட்டுவிடத் தொடங்கிவிடும்; தேறிக்கொள்ள நேரமிருக்காது. ஆகவே மே கடைசியில், இடம் மாற்றத் தேவையில்லாத பெரிய தொட்டியிலேயே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். "தலைக்கு நான்கு செடி வளர்க்கலாம்" என்று அவர்கள் சொல்வதும் தவறு. கனடாவின் 2018 சட்டப்படி வீட்டுக்குத்தான் நான்கு. கியூபெக் மாகாணத்தில் ஒன்றுகூட வளர்க்கக் கூடாது.