வளவு பொது, அடுப்பு தனி

சிலர் சேர்ந்து எழுதிய அறிவியல் புனைகதைத் தொகுப்பு ஒன்றில் என் சிறுகதையும் வெளியாகியிருக்கிறது. எல்லாக் கதைகளும் ஒரே உலகத்தில் நடப்பவை. வருங்காலச் செட்டிநாடு, ஆழ்துளைக் கிணறுகளுக்குத் தடை, ஊருணி நீருக்குக் கணக்கு, ஊருக்கு ஊர் சொந்தமாக மின்சேமிப்பு நிலையம். இப்படிக் கூட்டாக எழுதுவது நம்மிடையே அதிகம் பழக்கமில்லை என்பதால் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். உலகத்தின் அறிவியல் விதிகள் கறாராக இருக்க வேண்டும். கதைமாந்தர் யாருக்கு உரியவர் என்பதும் அதே கறாரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பொது விதிகள் எழுதுபவரின் கையைக் கட்டிவிடும் என்கிறார்கள். எனக்குக் கதையைக் கொடுத்ததே ஒரு விதிதான். எல்லா ஊர்களும் வனேடியம் ஃப்ளோ பேட்டரியில்தான் மின்சாரத்தைச் சேமிக்கின்றன என்று எங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. இந்த வகையில் ஆற்றல், வனேடியம் என்ற உலோகம் கரைந்த திரவக் கரைசலில் தங்குகிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் சேமிப்பும் கூடும். ஆனால் வழக்கமான கரைசல் ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் சூடேறினால், மின்னேற்றம் பெற்ற வனேடியம் படிவாகப் பிரிந்து குழாய்களை அடைக்கத் தொடங்கும். காரைக்குடியின் அக்னி நட்சத்திர வெயிலை அறிந்தவருக்கு இதற்கு மேல் கதைக்கரு வேண்டுமா? தொட்டிகளை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையுமாகப் பூட்டிக் கிடக்கும் நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் உள்ளறைகள் நினைவுக்கு வந்தன. பங்காளிகள் திசைக்கொருவராக இருக்கும் அத்தகைய வீட்டைத் திறக்க யார் சாவி தருவது, யார் கையெழுத்திடுவது என்பதிலேயே கதை நகர்ந்துவிட்டது. 1953 முதல் சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் ஊரைப் பற்றி எழுதும்போது அந்த விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பது வெட்கக்கேடாகவும் இருந்திருக்கும்.

இந்த முறை புதிதன்று. 1952-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலுக்கு ஜான் கிளார்க் என்ற வேதியியலாளர் இரு கோள்களின் வேதியியலை முதலில் வகுத்துக் கொடுத்தார். அதன் மேல்தான் மூன்று எழுத்தாளர்கள் தத்தம் கதைகளைக் கட்டினார்கள்.

உரிமை விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் வேறு வைத்துவிடுவார்கள். முகப்பும் வளவு என்னும் உள்முற்றமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க, அறையும் அடுப்பும் அவரவருக்குத் தனியாக இருக்கும். தொகுப்பிலும் ஊருணியும் பேட்டரியும் பொது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் கதையில் சாவி வைத்திருக்கும் விசாலாட்சி ஆச்சி என் அடுப்படியைச் சேர்ந்தவர். அடுத்த தொகுதிக்கு எழுதும் நண்பர் ஒருவர் தொலைபேசியில், "ஆச்சியை என் கதையில் சாகவிடலாமா?" என்று கேட்டார். கேட்டது அவருடைய பண்பு. கேட்காமலே எழுதியிருந்தாலும், எடுத்துக்காட்டி மறுக்க எங்களிடம் ஒரு தாள்கூடக் கிடையாது.

சட்டம் ஓரளவுக்குத்தான் துணை வரும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே பொதுவாக முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் பொருள்கொள்ள வேண்டும். இது பலருக்குத் தெரியாததால்தான் "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்ற ஒற்றை வரியில் யோசிக்காமல் கையெழுத்திடுகிறோம். ஆனால் கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்கே உண்டு. ஆகவே ஒரே உலகத்தில் பலர் புழங்கும்போது எது பொது, எது தனி என்ற எல்லையை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். 1987 முதல் ஆங்கிலத்தில் வெளிவரும் வைல்ட் கார்ட்ஸ் தொகுப்பு வரிசையில், ஒரு பாத்திரத்தைப் படைத்தவர் அனுமதித்தால்தான் மற்றவர் அதைக் கையாள முடியும். அதற்கான பங்குத்தொகையும் படைத்தவருக்குப் போகிறது.

நம் தொகுப்புகளில் எழுதியதற்கே பெரும்பாலும் நூற்படிகள்தான் கிடைக்கின்றன. அந்த நிலையில் பங்குத்தொகை பேசுவது வேடிக்கையாக இருக்கும். நானும் பணம் கேட்கவில்லை. ஆச்சி பிறர் கதையில் நடமாட முன்கூட்டி ஒரு வார்த்தையும், நூலில் பெயரோடு ஒரு வரியும் போதும் என்று தொகுப்பாசிரியருக்கு எழுதியிருக்கிறேன். அவரைச் சாகடிப்பதற்கு மட்டும் என் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும்.