ஃபோட்டோடயோடு பழுதல்ல: ஒரு வாட்ஸ்அப் தகவலுக்கு விளக்கம்

“ஃபோட்டோடயோடு ரிவர்ஸ் பயஸ் கொடுத்தால்தான் வேலை செய்யும்; இருட்டிலும் மின்னோட்டம் கசிந்தால் அது பழுது, தூக்கி எறியுங்கள்” என்றொரு செய்தி மின்னணுவியல் மாணவர்களிடையே சுற்றுகிறது. இரண்டுமே தவறு. (ஃபோட்டோடயோடு என்பது ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் சிறு மின்னணுக் கருவி; ரிவர்ஸ் பயஸ் என்பது அதற்கு எதிர்த்திசையில் கொடுக்கும் வெளி மின்னழுத்தம்.)

விஷே நிறுவனத்தின் பிபிடபிள்யூ34 என்ற ஃபோட்டோடயோடின் டேட்டாஷீட்டை, அதாவது விவர அட்டவணையை, திறந்து பாருங்கள். ஒரே அளவு ஒளியில், 5 வோல்ட் ரிவர்ஸ் பயஸில் சுமார் 50 மைக்ரோஆம்பியர் வருகிறது. வெளி மின்னழுத்தமே இல்லாத ‘ஷார்ட் சர்க்யூட் கரண்ட்’ 47 மைக்ரோஆம்பியர். வித்தியாசம் அவ்வளவுதான்!

அப்படியானால் பயஸ் எதற்கு? வேகத்துக்கு. 0 வோல்ட்டில் 70 பிகோஃபாரட் இருக்கும் மின்தேக்குத்திறன் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) 3 வோல்ட்டில் 25 ஆகக் குறைகிறது. அதனால் டயோடு விரைவாக எதிர்வினை காட்டுகிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் இருட்டுக் கசிவு, அதாவது ‘டார்க் கரண்ட்’. 10 வோல்ட்டில் வழக்கமாக 2 நானோஆம்பியர், 30 வரை போகலாம் என்று அதே அட்டவணை சொல்கிறது. வெப்பம் ஏறினால் இதுவும் ஏறும். மங்கலான ஒளியைத் துல்லியமாக அளக்க, பயஸ் இல்லாத முறையே பெரும்பாலும் நல்லது.

நல்ல டயோடுகள் குப்பைக்குப் போகின்றன. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.