1453-க்கு முன்பே எழுந்துவிட்ட குவிமாடம்

"ஐரோப்பாவில் மறுமலர்ச்சி ஏற்படக் காரணம் என்ன?" பள்ளியில் இந்தக் கேள்விக்கு நான் எழுதிய விடை இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றினார்கள். அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் சுவடிகளை அள்ளிக்கொண்டு இத்தாலிக்குப் போனார்கள். மறுமலர்ச்சி பிறந்தது. போன வாரம் என் மகளும் தேர்வுக்காக இதையே சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டுகளை மட்டும் பாருங்கள். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடத்தைக் கட்டிய புருனெல்லெஸ்கி 1446-இல் இறந்துவிட்டார். தட்டையான சுவரில் ஒரு மண்டபமே உள்வாங்கி நிற்பதுபோல வரைந்த ஓவியர் மசாச்சோ, முப்பது வயதுகூட ஆகாமல் 1428-இலேயே போய்விட்டார். சரி, கிரேக்க மொழி? கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த கிரிசோலோராஸ் என்ற கிரேக்க அறிஞர் 1397-லேயே ஃபிளாரன்ஸில் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அவர் தப்பி ஓடி வந்தவரும் இல்லை. நகரமே அழைத்துச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது.

வெறும் தேதிப் பிழை என்றால் திருத்திவிட்டுப் போய்விடலாம். என்னை உறுத்துவது அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம். அறிவு என்றால் அது ஏட்டுக்கட்டாகத்தான் வந்து இறங்கும், படித்தவர் யோசிப்பார், கைவேலைக்காரர் சொன்னதைச் செய்வார் என்று நாம் வரலாற்றைச் சொல்லிப் பழகிவிட்டோம். மேலை நாகரிகத்தின் கலையையும் சிந்தனையையும் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பழக்கம் தலைகாட்டுகிறது. ஃபிளாரன்ஸில் முதலில் கைகள்தான் யோசித்தன. ஏடு பிறகு வந்தது.

அந்தக் குவிமாடத்தையே எடுத்துக்கொள்வோம். பேராலய வேலை 1296-இல் தொடங்கியது. நூறு வருடங்களுக்கு மேல் கட்டினார்கள். 1418 வாக்கில் எல்லாம் தயார், நடுவில் கூரை மட்டும் இல்லை. எட்டுப் பட்டை வடிவில் 42 மீட்டருக்கும் மேல் அகலமான ஒரு திறப்பு. அதுவும் தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே. வெளியே முட்டுச்சுவர் வைக்காமல் அதை மூட வேண்டும் என்று முன்பே முடிவுசெய்து வைத்திருந்தார்கள். எப்படி மூடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

நம் ஊரில் கான்கிரீட் போடுமுன் சென்ட்ரிங் அடிக்கிறோம் இல்லையா? செங்கல் வளைவுக்கும் அப்படித்தான். சாந்து இறுகும்வரை அடியில் மரம் தாங்க வேண்டும். இவ்வளவு அகலத்துக்கு, இவ்வளவு உயரத்துக்குச் சென்ட்ரிங் அடிக்க மரத்துக்கு எங்கே போவது? 1418-இல் பொதுப் போட்டி அறிவித்தார்கள். சென்ட்ரிங்கே இல்லாமல் கட்டிக்காட்டுகிறேன் என்று வந்து நின்றார் புருனெல்லெஸ்கி. அவர் கொத்தனாரும் இல்லை, பல்கலைக்கழகத்தில் படித்த அறிஞரும் இல்லை. தொழிலால் பொற்கொல்லர்.

வேலை 1420-இல் தொடங்கியது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு கூடுகள், இடையில் படிக்கட்டு. பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவதுபோலக் கல்லாலும் மரத்தாலும் சங்கிலிகள். நான் சொக்கிப்போனது செங்கல் அடுக்கில். மேலே போகப் போகச் சுவர் உள்பக்கம் சாய்கிறது. ஈரச் சாந்தின் மேல் வைத்த கல் வழுக்கி விழத்தானே பார்க்கும்? அதற்காகப் படுக்கைவசமாக வைத்த சில கற்களுக்கு ஒருமுறை ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அடுத்த வரிசையில் அது கொஞ்சம் தள்ளி நிற்கும், அதற்கடுத்த வரிசையில் இன்னும் கொஞ்சம். பார்ப்பதற்கு மீன்முள் போலச் சுழன்று மேலே ஏறும். நிற்கும் கற்கள் இடையில் படுத்திருக்கும் கற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு வரிசையும் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு எழுந்தது.

பாரம் தூக்க மாடு பூட்டிய ஒரு பொறியும் செய்தார். சுமையை ஏற்றியபின் இறக்க வேண்டுமானால் மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பல்சக்கரத்தை மாற்றினால் போதும், மாடு அதே திசையில் நடக்கும், கயிறு கீழே இறங்கும். பிற்காலத்தில் லியனார்டோ டா வின்சி இந்தப் பொறிகளைப் பார்த்துப் படம் வரைந்து வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஆளையும், தொழில் சங்கத்துக்குக் கட்டணம் கட்டவில்லை என்று வேலை நடந்துகொண்டிருந்த 1434-லேயே சிறையில் போட்டார்கள். அந்த ஊரில் தொழில் சங்கத்தின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

கட்டட வேலையை நடத்தியதும் ஒரு சங்கம்தான், கம்பளித் துணிக்காரர்களின் சங்கம். இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவிய கூலிகளுக்குச் சங்கம் வைக்கும் உரிமை கிடையாது. 1378-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து தங்களுக்கென்று ஒரு சங்கத்தையும் வாங்கினார்கள். சில வாரங்களில் அது பறிக்கப்பட்டது. குவிமாடத்தின் பெருமையைப் பேசும்போது எனக்கு அந்தக் கூலிகளின் நினைப்பு வராமல் இருப்பதில்லை.

ஓவியத்துக்குள் ஆழம் காட்டும் வித்தையும் ஏறக்குறைய இப்படித்தான் பிறந்தது. புருனெல்லெஸ்கி பேராலய வாசலில் நின்று, எதிரே இருக்கும் ஞானஸ்நான ஆலயத்தை ஒரு சின்னப் பலகையில் வரைந்தார். வானம் வரும் இடத்தில் வண்ணம் பூசாமல், பளபளக்கத் தேய்த்த வெள்ளித் தகட்டை வைத்தார். பலகையில் ஒரு துளை. பார்ப்பவர் பின்பக்கமிருந்து அந்தத் துளையில் கண்ணை வைத்து, முன்னால் பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளியில் நிஜ மேகங்கள் நகரும். கண்ணாடியை விலக்கினால் அதே இடத்தில் நிஜக் கட்டடம் நிற்கும். இந்த வித்தையின் இலக்கணத்தை ஆல்பெர்டி என்ற அறிஞர் நூலாக எழுதியது அதற்குப் பிறகு, 1435-இல். மறு ஆண்டு இத்தாலிய வடிவத்தைப் புருனெல்லெஸ்கிக்கே காணிக்கையாக்கினார்.

ஏடுகளுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. கண் எப்படிப் பார்க்கிறது என்று 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் எழுதிய இப்னு அல்-ஹைதமின் நூல், லத்தீனுக்கும் பிறகு இத்தாலியனுக்கும் போயிருந்தது. ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுகளைச் செய்த கிபெர்டி, தன் குறிப்புகளில் அதிலிருந்து நிறைய எடுத்தாண்டிருக்கிறார். உலோகம் உருக்கும் மனிதர் அரபு அறிஞரைப் படித்திருக்கிறார்! 1453 என்ற ஒற்றை வரியில் இதற்கெல்லாம் எங்கே இடம்?

1436 மார்ச் 25 அன்று போப் நான்காம் யூஜீன் பேராலயத்தைப் புனிதப்படுத்தினார். அந்த நாளுக்காகவே டுஃபாய் என்ற இசையமைப்பாளர் ஓர் இசைக்கோவை எழுதினார். கான்ஸ்டான்டிநோபிள் விழ இன்னும் 17 வருடங்கள் இருந்தன.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. மதிப்பெண்ணுக்கு அதை எழுது, இதையும் தெரிந்து வைத்துக்கொள் என்றேன், அரை மனதோடு. அப்புறம் கைப்பேசியில் அந்தச் செங்கல் அடுக்கின் படத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனோம். நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். எந்த ஊர், எந்தக் காலம் என்று எதுவும் சொல்லாமல் நீட்டினேன். படத்தைப் பெரிதாக்கி, நிற்கும் கற்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனார்.

"சென்ட்ரிங் இல்லாம ஏத்திருக்கான்," என்றார். "இந்தா, இதுதான் பூட்டு."